112 அடி மனு: இலண்டன் வரை சென்ற இரட்டைமலை சீனிவாசன்

பூவிருந்தவல்லியில் வாக்களிக்கும் ஒருவர் சட்டமன்றத்திற்கும் நாடாளுமன்றத்திற்கும் தனித்தொகுதி உறுப்பினரையே தேர்ந்தெடுக்கிறார். ஆவடியில் வாழ்பவர் சட்டமன்றத்திற்குப் பொதுத்தொகுதியிலும், நாடாளுமன்றத்திற்குத் திருவள்ளூர்த் தனித்தொகுதியிலும் வாக்களிக்கிறார். தேர்தல் காலத்தில் இந்தப் பகுதிகளின் தேநீர்க் கடைகளில் ஒரு முணுமுணுப்பு தவறாமல் எழும்: நம் தொகுதியை ஏன் தனித்தொகுதியாக்கினார்கள் என்று. அந்தக் கேள்விக்குத் தொகுதி மறுவரையறை ஆணையம் ஒரு விடையைத் தரும்; வரலாறு வேறொரு விடையைத் தரும். வரலாறு தரும் விடை 1930களின் இலண்டனுக்கும், அதற்கும் முன்னால் 1893ஆம் ஆண்டு சென்னையில் திரட்டப்பட்ட கையொப்பங்களுக்கும் நம்மை இட்டுச் செல்கிறது. இரண்டு இடங்களிலும் நாம் காணும் மனிதர் ஒருவரே. அவர் இரட்டைமலை சீனிவாசன்.

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 7 அன்று அவருடைய படத்திற்கு மாலை அணிவிக்கப்படுகிறது. அன்று பேசப்படுவதெல்லாம் பெரும்பாலும் அவர் பெற்ற பட்டங்களைப் பற்றியும், அம்பேத்கருடன் வட்டமேசை மாநாட்டிற்குச் சென்றதைப் பற்றியும்தான். நம் பார்வையில் அவருடைய வாழ்வின் அச்சு வேறொன்று. உள்ளூரில் கேட்க மறுக்கப்பட்ட நீதியை, ஆட்சி அதிகாரத்தின் கடைசிக் கதவு எங்கிருக்கிறதோ அங்கே சென்று தட்டுவது என்னும் அரசியல் முறையைத் தமிழ்நாட்டுத் தீண்டப்படாத மக்களிடையே முதன்முதலில் வகுத்தவர்களில் அவர் ஒருவர். அந்தக் கதவு அன்று தேம்ஸ் நதிக்கரையில் இருந்தது.

செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகத்திற்கு அருகில் உள்ள கோழியாளம் அவருடைய சொந்த ஊர். ஊர் விட்டு ஊர் பெயர்ந்த குடும்பம். கல்வி கோயம்புத்தூரில் வாய்த்தது. அங்கே சுமார் 400 மாணவர்கள். பத்துப் பேர் நீங்கலாக எல்லோரும் பிராமணர்கள். தோழமை கொண்டால் ஊர், உறவு, சாதி எல்லாம் விசாரிப்பார்கள் என்ற அச்சத்தில், அந்தச் சிறுவர் பள்ளிக்கு வெளியே எங்கேனும் அமர்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகே வகுப்பிற்குள் நுழைவார். பள்ளி விட்டதும் மற்றவர்கள் நெருங்குமுன் விரைந்து வீடு சேர்வார். முதுமையில் எழுதிய தன் வரலாற்றுச் சுருக்கத்தில் இதை அவரே பதிந்திருக்கிறார். இன்று உயர்கல்வி நிறுவனங்களில் தரவரிசை எண்ணைக் கேட்டுச் சாதியைக் கண்டறியும் சக மாணவர்களிடமிருந்து விலகி நடக்கும் இளைஞர்களுக்கு இந்தச் செய்தியை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

படிப்பிற்குப் பின் நீலகிரியில் ஐரோப்பிய வணிக நிறுவனங்களில் கணக்கராகப் பணியாற்றினார். பண்டிதர் அயோத்திதாசர் அவருக்கு மைத்துனர் முறை. அவரும் நீலகிரியில் இயங்கியவரே. 1890 வாக்கில் சீனிவாசன் சென்னைக்கு வந்தார். அடுத்து வந்த பத்தாண்டுகளே அவருடைய வாழ்வின் மிகச் செறிவான காலம் என்பது நம் துணிபு.

சாதியை மறைத்துக்கொண்டு படித்தவர், பொதுவாழ்விற்கு வந்ததும் அதைத் தலைப்பாகவே சூட்டிக்கொண்டார். பறையர் மகாஜன சபையை நிறுவினார். 1893 அக்டோபரில் ‘பறையன்’ என்ற பெயரில் இதழைத் தொடங்கினார். முதலில் நான்கு பக்க மாத இதழ், பிறகு வார இதழ். முதல் இதழின் சுமார் 400 படிகள் இரண்டே நாளில் விற்றுத் தீர்ந்தன. ஓர் அவதூறு வழக்கில் 100 ரூபாய் அபராதம் செலுத்த நேர்ந்தபோதும் இதழ் நிற்கவில்லை. 1900 வரை வெளிவந்தது. இந்தப் பெயரை அயோத்திதாசர் ஏற்கவில்லை. இழிவாகச் சூட்டப்பட்ட பெயரைச் சுமப்பது அந்த இழிவை ஒப்புக்கொள்வதாகும் என்பது அவருடைய நிலைப்பாடு. பூர்வ பௌத்தர், சாதிபேதமற்ற திராவிடர் என்ற அடையாளங்களை அவர் முன்வைத்தார். சீனிவாசனோ, அந்தப் பெயரைத் தாங்கியவர் அதை உரக்கச் சொல்லாதவரை அந்தப் பெயரால் நிகழும் கொடுமைக்குச் சாட்சி இராது என்று கருதினார். இருவரில் யார் சரி என்று தீர்ப்பளிக்க நாம் முற்படவில்லை. நூற்று முப்பது ஆண்டுகள் கடந்தும் நம் அமைப்புகள் பெயர் சூட்டும்போது இதே விவாதம் மீண்டும் மீண்டும் எழுகிறது என்பதை மட்டும் குறிப்பிடுகிறோம்.

இனி மனுவிற்கு வருவோம். 1893 ஜூன் 2 அன்று இங்கிலாந்தின் காமன்ஸ் சபையில் ஹெர்பர்ட் பால் என்ற உறுப்பினர் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அதுவரை இலண்டனில் மட்டுமே நடந்துவந்த ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்பது அதன் சாரம். 84க்கு 76 என்ற வாக்குகளில் அது நிறைவேறியது. காங்கிரசின் நெடுநாள் கோரிக்கை அது. முந்தைய ஆண்டுதான் தாதாபாய் நௌரோஜி பின்ஸ்பரி மத்தியத் தொகுதியிலிருந்து அச்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். அதாவது, இந்தியர் உரிமைக்காக ஐரோப்பியப் பாராளுமன்றம் ஒன்றைப் பயன்படுத்தும் உத்தியைக் காங்கிரஸ் ஏற்கெனவே செவ்வனே கையாண்டுகொண்டிருந்தது. பிராட்லா என்ற காமன்ஸ் உறுப்பினர் 1889இல் பம்பாய்க் காங்கிரசிற்கு வந்தார். அயர்லாந்து உறுப்பினரான ஆல்பிரட் வெப் 1894இல் சென்னைக் காங்கிரசிற்குத் தலைமையே தாங்கினார். அப்போது எவரும் அதை அயலாரிடம் வீட்டுக் குறையைச் சொல்வதாகக் கருதவில்லை.

அதே கதவைத் தீண்டப்படாதோரும் தட்டலாம் என்று கண்டதே சீனிவாசனின் நுட்பம். 1893 டிசம்பரில் சென்னை இராயப்பேட்டையில் வெஸ்லியன் மிஷன் கல்வி நிலையத்தில் கூட்டம் கூடியது. இந்தியாவில் தேர்வு நடந்தால், கல்வியை நூற்றாண்டுகளாகத் தம் கையில் வைத்திருக்கும் மேல்சாதியினரே ஆட்சியர் நாற்காலிகளை நிரப்புவர். கிராமத்தில் நிலக்கிழாராக இருப்பவரின் உறவினரே மாவட்டத்தில் நீதிபதியாகவும் அமர்வார் என்ற அச்சம் அங்கே முன்வைக்கப்பட்டது. 3,412 பேர் கையொப்பமிட்ட மனு ஆயத்தமாயிற்று. அதன் நீளம் 112 அடி. கணக்கிட்டுப் பார்த்தால் அடிக்கு முப்பது பெயர். காமன்ஸ் சபை நடைமுறைப்படி மனுவை உறுப்பினர் ஒருவரே அவையில் வைக்க இயலும். ஆக்ஸ்போர்டு தொகுதியின் உறுப்பினர் ஜெனரல் ஜார்ஜ் செஸ்னி வழியாக அது இலண்டன் பாராளுமன்றத்தைச் சென்றடைந்தது. செஸ்னி முன்னர் வைசிராய் நிர்வாக சபையில் இராணுவ உறுப்பினராக இருந்தவர். இங்கிலாந்து படையெடுப்பிற்கு உள்ளாவதாகக் கற்பனை செய்து எழுதிய கதையொன்றால் அந்நாட்டில் புகழ் பெற்றவர். பழமைவாதக் கட்சியின் ஓர் ஏகாதிபத்தியவாதி என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

இந்த மனுவைத்தான் இன்றுவரை சீனிவாசன் மீது குற்றமாகச் சுமத்துகின்றனர். இந்தியர்க்குக் கிடைக்கவிருந்த வாய்ப்பைக் கெடுத்தவர், வெள்ளையர்க்குத் துணை போனவர் என்கின்றனர். இந்தக் குற்றச்சாட்டைத் தட்டிக் கழித்துவிட்டு அவருடைய வாழ்வை எழுத முடியாது. முதலில் மெய்யான நிலவரத்தைப் பார்ப்போம். அந்தத் தீர்மானத்தைக் குறித்து மாகாண அரசுகளின் கருத்து கேட்கப்பட்டபோது, சென்னை தவிர்த்த எல்லா மாகாண அரசுகளும் எதிர்த்தன. வெள்ளை அதிகார வர்க்கம் தன் நாற்காலியை விட்டுத்தர விரும்பவில்லை. ஆகவே, கோரிக்கையை முறியடித்தது 3,412 ஏழைகளின் கையொப்பம் அன்று. 1922இல்தான் அலகாபாத்தில் முதல் தேர்வு நடந்தது. எனினும், அந்த அதிகார வர்க்கத்தின் நலனும் சீனிவாசனின் மனுவும் ஒரே திசையில் நின்றன என்பதை மறுக்க நாம் விரும்பவில்லை. பேரரசின் மீது அவர் வைத்த நம்பிக்கை மிகையானது. கல்வி, உதவித்தொகை, பணியிடங்களில் பங்கு ஆகியவற்றைக் கோரி அதே ஆற்றலைச் செலவிட்டிருக்கலாம் என்று இன்று சொல்வது எளிது.

ஆனால் அவர் எந்த மண்ணில் நின்று அந்த மனுவை எழுதினார் என்பதை மறந்துவிடக் கூடாது. பூவிருந்தவல்லியும் அம்பத்தூரும் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தின் சைதாப்பேட்டை வட்டத்தைச் சேர்ந்த ஊர்கள். ஏரிப் பாசனமும் நெல் வயலும் மிராசு உரிமையும் ஆண்ட நாடு. அந்த மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர், பறையர் நிலை குறித்த தம் அறிக்கையை 1891இல் அரசிற்கு அளித்தார். குடியிருக்கும் குடிசையின் மண்ணும் மிராசுதாருக்கே உரியது. கூலி உயர்வு கேட்டால் வீட்டை இழக்க நேரும். தரிசு நிலத்திற்கு விண்ணப்பித்தாலும் மிராசுதாரின் முன்னுரிமை குறுக்கே நிற்கும். வருவாய் வாரியத்தில் இருந்த வெள்ளை அதிகாரிகளில் பலரே அவருடைய பரிந்துரைகளை விரும்பவில்லை. இருந்தும் 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை பிறந்தது. இன்று பஞ்சமி நிலம் என்று நாம் வழங்குவது அதிலிருந்து வந்ததே. ஓர் ஆட்சியரின் மனம் எப்பக்கம் சாய்கிறது என்பதைப் பொறுத்து ஒரு சேரியின் நிலம் நிலைக்கவும் பறிபோகவும் செய்யும் என்பதைக் கண்முன் கண்டவர்கள், அடுத்த ஆண்டே அந்த ஆட்சியர் யார் என்று கேட்டதில் வியப்பேதும் இல்லை. சைதாப்பேட்டை வட்டத்தின் அந்த வயல்வெளிகள் பின்னர் தொழிற்பேட்டைகளாகவும் படைத்துறை ஆலைகளாகவும் வீட்டுமனைகளாகவும் மாறின. பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டம் இதே செங்கல்பட்டில் 1994இல் காரணையில் துப்பாக்கிச் சூட்டைச் சந்தித்தது. ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர்.

1900ஆம் ஆண்டளவில் சீனிவாசன் இங்கிலாந்திற்கே நேரில் செல்லப் புறப்பட்டார். கிழக்கு ஆப்பிரிக்காவிலும் பின்னர் தென்னாப்பிரிக்காவிலும் தங்க நேர்ந்தது; இலண்டன் பயணம் முப்பது ஆண்டுகள் தள்ளிப்போயிற்று. நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தார். 1860இல் சென்னையிலிருந்து முதல் கப்பல் சென்றது முதல், ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழர்கள் நிறைந்த நாடு அது. அவர்களுடைய வழக்குகளில் அவர்களுடைய சொல்லை ஆங்கில நீதிபதிக்கு எடுத்துரைப்பது அவருக்கு வாய்த்த பணி. அங்கே வழக்கறிஞராக இருந்த காந்தியுடன் பழக்கம் ஏற்பட்டது. காந்திக்குத் தமிழில் கையெழுத்திடக் கற்றுத்தந்தவர் இவரே என்பர். பின்னாளில் இலண்டனில் அவ்விருவரும் எதிரெதிரே அமர்ந்தனர்.

ஏறத்தாழ இருபதாண்டுகளுக்குப் பின் திரும்பியபோது நாட்டில் சட்டமன்றம் வந்திருந்தது. 1923இல் சென்னைச் சட்டமன்றத்திற்கு நியமன உறுப்பினரானார். நியமனம் என்ற சொல் முக்கியமானது. தாழ்த்தப்பட்டோரின் பிரதிநிதியை அம்மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை, ஆளுநர் தேர்ந்தெடுத்தார். அந்தக் குறுகிய இடத்தில் நின்றே 1924இல் அவரும் கோவை வீரையன் போன்ற உறுப்பினர்களும் பொதுச்சாலை, பொதுக்கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றில் எவரையும் தடுக்கலாகாது என்பதை அரசே அறிவிக்கும் நிலையை உருவாக்கினர். வைக்கத்தில் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களுக்காகப் போராட்டம் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டு அது. வைக்கம் பாடநூலில் இடம்பெற்றது. சென்னைத் தீர்மானம் இடம்பெறவில்லை.

1930 நவம்பர் 12 அன்று பிரபுக்கள் சபைக் கட்டடத்தின் அரச மண்டபத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முதல் வட்டமேசை மாநாட்டைத் தொடங்கிவைத்தார். தாழ்த்தப்பட்டோர் சார்பில் இருவர்: முப்பத்தொன்பது வயது அம்பேத்கர்; எழுபது வயதை எட்டிய சீனிவாசன். தீண்டப்படாதவன் என்று எழுதிய அட்டையை மேலங்கியில் அணிந்து சென்றார், மன்னர் நீட்டிய கையை முதலில் பற்ற மறுத்துத் தாம் தீண்டத்தகாதவர் என்றார், மன்னர் வியந்து விளக்கம் கேட்டார் என்று நம் மக்களிடையே ஒரு நிகழ்வு வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. மேடைகளில் இது நாடகத்தன்மையோடு வளர்ந்திருக்கிறது என்பது மெய்யே. ஆயினும் ‘பறையன்’ என்று இதழிற்குப் பெயரிட்டவர் செய்யக்கூடிய செயலே அது.

அந்த நிகழ்வைவிட நாம் படித்துணர வேண்டியது, இருவரும் சேர்ந்து சிறுபான்மையினர் துணைக்குழுவிடம் அளித்த அரசியல் பாதுகாப்புத் திட்டம். எட்டு நிபந்தனைகள் அதில் அடங்கியிருந்தன. சமக் குடியுரிமை, உரிமைகளைத் தடையின்றித் துய்த்தல், பாகுபாட்டிற்கு எதிரான பாதுகாப்பு, சட்டமன்றங்களில் போதிய பிரதிநிதித்துவம், அரசுப் பணிகளில் பங்கு, நலன் புறக்கணிக்கப்பட்டால் முறையிடும் வழி, தனித் துறை, அமைச்சரவையில் இடம். தீண்டாமை குற்றம் என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. உரிமை கேட்பவருக்குக் கடையில் பொருள் மறுப்பது, வேலை மறுப்பது, நிலம் மறுப்பது ஆகிய சமூகப் புறக்கணிப்பையும் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும் என்றனர். சமூகப் புறக்கணிப்பைப் பட்டியலினத்தவர் மீதான வன்கொடுமையாகவே கருதித் தண்டிக்கும் சட்டத் திருத்தம் 2015இல்தான் வந்தது. இலண்டன் ஆவணத்தை முன்வைத்து அச்சட்டத்தைப் படிக்கும் சட்ட மாணவர்க்கு வேர் எங்கிருந்து வந்தது என்பது தெரியும்.

1931இல் இரண்டாம் மாநாட்டிற்குக் காந்தி வந்தார். தீண்டப்படாதோருக்கும் தாமே பிரதிநிதி என்றார். அதை மறுத்து அம்பேத்கருக்கு ஆதரவாக இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து தந்திகள் இலண்டனுக்குப் பறந்தன. 1932 ஆகஸ்டில் பிரதமர் மக்டொனால்டு வகுப்புவாரித் தீர்ப்பை அறிவித்தார். தாழ்த்தப்பட்டோருக்குத் தனி வாக்காளர் தொகுதியும் கிட்டியது. காந்தியின் உண்ணாநோன்பு தொடர்ந்தது. செப்டம்பர் 24 அன்று எரவாடாவில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. கையொப்பமிட்டவர்களில் சீனிவாசனும் ஒருவர். சென்னை மாகாணத்தில் இடங்கள் 18இலிருந்து 30 ஆயின. நாடு முழுவதும் 71 என்பது 148 ஆயிற்று. எண்ணிக்கை கூடியது, தேர்ந்தெடுக்கும் கை மாறியது. முதற்கட்டத் தேர்தலில் நான்கு பேரைத் தாழ்த்தப்பட்டோர் மட்டும் தேர்ந்தெடுப்பர். அந்நால்வரில் ஒருவரைப் பொது வாக்காளர் அனைவரும் தேர்ந்தெடுப்பர். பின்னர் அந்த முதற்கட்டமும் மறைந்தது. பூவிருந்தவல்லித் தனித்தொகுதியில் இன்று வென்று வருபவர் யாருடைய வாக்கிற்கு அஞ்சி நடக்கிறார், சேரியில் தாக்குதல் நடந்தால் ஏன் தம் கட்சித் தலைமையின் முகத்தைப் பார்க்கிறார் என்ற கேள்விக்கு எரவாடாவில் விடை இருக்கிறது.

சீனிவாசன் மீது வீசப்பட்ட அதே சொற்கள் இன்றும் வீசப்படுகின்றன. 2001இல் டர்பனில் நடந்த இனவெறி எதிர்ப்பு உலக மாநாட்டில் சாதியைப் பேசக் கூடாது என்று இந்திய அரசு எதிர்த்தது. அவர் மொழிபெயர்ப்பாளராக இருந்த அதே நேட்டால் மண் அது. ஐரோப்பிய நாடாளுமன்றம் 2007 பிப்ரவரி 1 அன்று இந்திய தலித்துகளின் மனித உரிமை நிலை குறித்தும், 2013 அக்டோபர் 10 அன்று சாதிப் பாகுபாடு குறித்தும் தீர்மானங்கள் நிறைவேற்றியது. அவை எந்த அரசையும் கட்டுப்படுத்துபவை அல்ல. என்றாலும், உள்நாட்டு விவகாரம், நாட்டின் மானம் என்ற கூக்குரல் உடனே எழுந்தது. தீண்டாமையைத் தென்னாப்பிரிக்க நிறவெறியோடு ஒப்பிட்டு 2006 டிசம்பரில் பேசியவர் இந்தியப் பிரதமரே என்பதை அக்கூக்குரல் எழுப்பியவர்கள் வசதியாக மறந்தனர். பிரிட்டனிலும் கதை எளிதாக முடியவில்லை. சாதியைச் சமத்துவச் சட்டத்தில் சேர்க்க அரசைக் கடமைப்படுத்தி 2013இல் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. 2018இல் அரசு அதிலிருந்து பின்வாங்கியது. அங்குள்ள ஆதிக்கச் சாதி அமைப்புகளும் அதே உறுப்பினர்களின் கதவைத் தட்டத் தெரிந்தவர்கள். அயல்நாட்டுப் பாராளுமன்றம் அறத்தின் பீடமன்று. அங்கும் எண்ணிக்கையும் நலனும்தான் பேசுகின்றன. 1893இல் 84க்கு 76 என்ற வாக்குகளைக் கண்ட சீனிவாசன் இதை அறியாதவராக இருந்திருக்க முடியாது.

அவருடைய கடைசிப் பத்தாண்டுகளில் ஒரு கருத்து வேறுபாடு குறிப்பிடத்தக்கது. 1935இல் அம்பேத்கர் இந்து மதத்தை விட்டு விலகுவதாக அறிவித்தபோது, நாம் அந்த மதத்திற்குள் இருந்தால் அல்லவா வெளியேற வேண்டும், வருணத்திற்குப் புறம்பானவர்களுக்கு மதமாற்றம் எதற்கு என்ற நிலையைச் சீனிவாசன் மேற்கொண்டார். தருக்கம் கூர்மையானதுதான், ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தில் அதற்கு இடமில்லை என்பதை அம்பேத்கர் தெளிவாக உணர்ந்திருந்தார் என்று நமக்குத் தோன்றுகிறது. 1936இல் திவான் பகதூர் பட்டம், 1939இல் தன் வரலாற்றுச் சுருக்கம். 1945 செப்டம்பர் 18 அன்று சென்னையில் காலமானார். ஓட்டேரி இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார்.

அடுத்த ஆண்டு வந்த அமைச்சரவைத் தூதுக்குழு தாழ்த்தப்பட்டோரைத் தனித் தரப்பாக ஏற்கவில்லை. 1946 அக்டோபரில் அம்பேத்கர் மீண்டும் இலண்டனுக்குச் சென்று, அட்லியையும் சர்ச்சிலையும் வேறு பாராளுமன்ற உறுப்பினர்களையும் சந்தித்து முறையிட்டார். 1930இல் அவர் அருகில் அமர்ந்திருந்த முதியவர் இம்முறை உடன் இல்லை. வெறுங்கையோடு திரும்பினார் அம்பேத்கர். திரும்பி வந்து சேர்ந்த இடம் அரசியல் நிர்ணய சபை.